பலகை அழகும் மின்சாரப் பாதுகாப்பும்

 

தம் இல்லம் அழகுற விளங்க வேண்டும் என்னும் ஆசை எல்லா மனிதர்க்கும் உண்டு. தீபாவளி நெருங்கும்போதும், மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருகின்றார்கள் என்றாலும், முதலில் நம் கண் செல்வது வீட்டுச் சுவரின் மீதுதான். தோட்டங்களில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் பல, கீழ்ப்பாதி செங்கல்லும் மேற்பாதி பலகையுமாகக் கட்டப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலகைகள் சுருங்கி இடுக்கு விடுகின்றன. செங்கற் பகுதியில் பூச்சு உதிர்கின்றது. உட்புறத்தில் ஒட்டுப்பலகை அடித்துச் சாயம் பூசினால் இக்குறைகளெல்லாம் மறைந்து, பழைய வீடு புது வீடாகிவிடுகின்றது. இது நியாயமான ஆசை, குறை கூறத்தக்கதன்று.

சுவருக்கு அடிக்கும் பலகைகளில் ஒரு வகை நமக்கு நெருங்கிய உறவுடையது. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் முன்னாளில் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. மருந்தூட்டிப் பதப்படுத்தும் முறை பரவிய பின்னர், அது மேசை நாற்காலியாகவும், நாராக்கி அழுத்திய பலகையாகவும் உருமாறிற்று. நம் கை வெட்டிய மரமே நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்கின்றது. ஆயினும், பலகையான பின்னும் அது மரமே. ஈரம் பட்டால் உப்பும். தீப் பட்டால் எரியும். அதே சுவரில்தான் மின்சாரமும் ஓடுகின்றது. ஆகவே, பலகை அடிக்கும்போது சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகளை என்ன செய்வது என்னும் ஒரு வினாவை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

சுவர் முன்னே வருகின்றது

பலகையை நேராகச் சுவரில் அடிப்பது வழக்கமன்று. முதலில் ரீப்பர்க் கட்டைகளைச் சுவரில் பொருத்தி, அவற்றின்மேல் பலகையை அடிக்கின்றோம். ரீப்பர் 20 மில்லிமீட்டர், ஒட்டுப்பலகை 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுவரின் முகம் 26 மில்லிமீட்டர் முன்னே வந்துவிடுகின்றது. இது ஓர் அங்குலத்திற்கும் சற்று அதிகம். ஆனால் பிளக் பாயிண்ட் பழைய இடத்திலேயே இருக்கின்றது. புதிய சுவரில் அது ஒரு குழிக்குள் இருப்பது போல் ஆகிவிடுகின்றது. தொல்லைகள் அனைத்தும் இந்த ஓர் அங்குலத்திலிருந்தே பிறக்கின்றன.

இதைச் சமாளிக்க மக்கள் கையாளும் வழிகள் நான்கு. நான்கும் தவறானவையே.

முதலாவது, பலகையில் பெரிய துவாரம் வெட்டிப் பிளக் பாயிண்டைக் குழிக்குள்ளேயே விட்டுவிடுவது. அவ்வாறு விட்டால் பிளக்கின் உடல் துவாரத்தின் விளிம்பில் இடித்து நிற்கும். அதன் மூன்று கால்களும் முழுமையாக உள்ளே செல்லா. பாதி செருகிய பிளக்கு ஆட்டங்காணும். ஆட்டங்கண்ட இடம் சூடேறும்.

இரண்டாவது, பழைய திருகாணிகளைக் கழற்றிவிட்டு நீண்ட திருகாணிகளைப் போட்டு, பிளக் பாயிண்டின் மேல்மூடியை மட்டும் பலகையின் முகத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது மிக நேர்த்தியாகவே தோன்றும். ஆனால் பின்னாலுள்ள பெட்டி பழைய சுவரிலேயே நின்றுவிடுகின்றது. பெட்டிக்கும் மூடிக்கும் இடையில் ஓர் அங்குல வெற்றிடம், அவ்வெற்றிடத்தில் மின்கம்பிகள், அவற்றைச் சுற்றிலும் உலர்ந்த மரம். நான்கு வழிகளிலும் மிகவும் ஏமாற்றுவது இதுவேயாகும்.

மூன்றாவது, கம்பி எட்டவில்லையென்று அதை வெட்டி, வேறொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றிப் பலகைக்குப் பின்னால் மறைத்துவிடுவது. அந்த முறுக்கு நாளடைவில் தளர்ந்தால் அதைக் காண்பார் எவருமில்லை.

நான்காவது, “இந்தப் பிளக் பாயிண்ட் நமக்குத் தேவையில்லை” என்று அதன்மேலேயே பலகையை அடித்து மூடிவிடுவது. உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகள் கழித்துச் சாமி படம் மாட்ட அவ்விடத்தில் ஆணி அடிப்பவர்க்கு உள்ளே கம்பி இருக்கின்றதென்பது எவ்வாறு தெரியும்?

பெட்டி என்னும் காவல்

“பியூஸ் இருக்கின்றது, மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் இருக்கின்றது, ஏதாவது நேர்ந்தால் அவை தாமே மின்சாரத்தை நிறுத்திவிடுமே” என்று சிலர் கூறுவர். இதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

பியூஸும், இக்காலத்தில் அதன் இடத்தில் உள்ள சிறு துண்டிப்பானும், அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் அதை நிறுத்துபவை. வயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான், மின்சாரம் தன் வழியை விட்டு நிலத்திற்கோ மனித உடலுக்கோ கசிந்தால் அதை நிறுத்துவது. ஆனால் தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறும்போது நடப்பது இவ்விரண்டுமன்று. மின்சாரத்தின் அளவும் மிகவில்லை. அது வெளியே கசியவுமில்லை. தன் வழியிலேயே, தன் அளவிலேயே ஓடுகின்றது. தளர்ந்த அந்த ஓரிடத்தில் மட்டும் பொறி தெறித்து, வெப்பம் ஏறிக்கொண்டே போகின்றது. எனவே இரு காவலர்களும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அங்கே எஞ்சி நிற்கும் காவல் ஒன்றே ஒன்றுதான். அதுவே பிளக் பாயிண்டின் பின்னாலுள்ள பெட்டி. எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆன அப்பெட்டியும் மேல்மூடியும் சேர்ந்து, பொறியையும் வெப்பத்தையும் தமக்குள்ளேயே அடக்கி வைக்கின்றன. பெட்டிக்கும் மூடிக்கும் இடையில் வெற்றிடம் விட்டால் அக்காவலைத் திறந்துவிட்டதாகவே பொருள். பலகைக்குப் பின்னுள்ள இடுக்கில் தூசியும், கரையான் மண்ணும், பல்லி, எலி சேர்த்த குப்பையும் தங்கும். அங்கே பொறி விழுந்தால் தீ உள்ளேயே ஊர்ந்து, புகை வெளியே தெரியும்போது கூரையை எட்டியிருக்கும்.

ஆகவே இவ்வுரையின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்: சுவரின் முகம் முன்னே வந்தால், பெட்டியும் அதனுடன் முன்னே வர வேண்டும், பெட்டியின் விளிம்புக்கும் பலகையின் முகத்துக்கும் மூடிக்கும் இடையில் வெற்றிடம் இருத்தலாகாது.

யார் எந்த வேலையைச் செய்வது?

பலகையை அளப்பதும், அறுப்பதும், அடிப்பதும் உங்கள் வேலை. அல்லது தச்சரின் வேலை. பிளக் பாயிண்டைக் கழற்றுவதும், பெட்டியை முன்னே கொண்டுவருவதும், கம்பியை மீண்டும் இணைப்பதும் வயர்மேனின் வேலை. தீபகற்ப மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளும் இவ்வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற தகுதியாளர் வேண்டும் என்கின்றன. “கொஞ்சம் தெரிந்தவர்” ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார். அவர் நல்ல மனத்துடனேயே உதவ முன்வருவார். எனினும், மின்சாரம் மனத்தைப் பார்ப்பதில்லை.

மற்றொன்று. தோட்டத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் அலுவலகத்தில் தெரிவித்து அனுமதி பெறுவது முறை. அவ்வாறு தெரிவிப்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, பின்னர் 2019இல் திருத்தப்பட்ட 446ஆம் சட்டம், தொழிலாளர்க்கு வழங்கும் வீட்டிற்கு மின்சார வசதி அளிப்பதையும், வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பதையும் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. பழுதுபட்ட கம்பியைப் பலகையால் மறைத்துவிட்டு வாழவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பலகை அடிக்குமுன் கம்பிகளைச் சோதித்துத் தருமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது.

பழைய வீடுகளில் இச்சோதனை மிகவும் இன்றியமையாதது. முற்காலத்தில் மின்கம்பிகளுக்கு ரப்பரையே உறையாக இட்டனர். ரப்பரின் இயல்பை உங்களுக்கு வேறொருவர் கூற வேண்டியதில்லை. வெப்பமும் காற்றும் பட்டு நாளான ரப்பர் இறுகி, வெடித்து, தொட்டால் உதிர்ந்துவிடும். அத்தகைய கம்பி எங்கேனும் எஞ்சியிருந்தால், முதலில் அதை மாற்ற வேண்டும், பிறகே பலகை.

வேலை நடக்கும் முறை

முதலாவதாக, சுவரைப் பாருங்கள். கூரை ஒழுகி ஈரம் இறங்குகின்றதா, கரையான் ஏறியிருக்கின்றதா என்று கவனியுங்கள். ஈரச் சுவருக்குப் பலகை அடித்தால் அது நோயைப் போர்வையால் மூடுவது போலாகும்.

இரண்டாவதாக, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வயர்மேன் ஒவ்வொரு பிளக் பாயிண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பின்பு நிறுத்திய இடத்தில் வைத்துப் பார்த்து, மீண்டும் முதலிடத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான முறை. இடையில் கருவியே பழுதாகியிருந்தால் செத்த கம்பிபோல் தோன்றும் கம்பி உயிருடன் இருக்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்தியிருக்கும் வேளையில் பிள்ளைகள் அதைப் போட்டுவிடாதபடி ஒருவர் அங்கே காவல் இருப்பது நலம்.

மூன்றாவதாக, கம்பி செல்லும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகையை அடித்த பின்பு அவ்வழி கண்ணுக்குத் தெரியாது. எனவே எந்தப் பிளக் பாயிண்டிலிருந்து கம்பி மேலே போகின்றது, எந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்புகின்றது என்பதைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். பலகைக்குப் பின்னால் செல்லும் கம்பியை அதற்குரிய குழாய்க்குள் செலுத்துமாறு வயர்மேனிடம் கூறுங்கள். அவ்வழியில் ஆணி அடித்தல் ஆகாது. கம்பியைத் துளைத்த ஆணி உடனே தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள். சில வேளைகளில் அது பல மாதங்கள் அமைதியாக இருந்து, ஈரம் கண்ட ஒரு நாளில், தொட்டவரைத் தாக்கும்.

நான்காவதாக, ரீப்பர் அடிக்கும்போது ஒவ்வொரு பிளக் பாயிண்டைச் சுற்றியும் நான்கு பக்கமும் கட்டைகள் வருமாறு அமையுங்கள். பிளக்கைச் செருகும்போதும் இழுக்கும்போதும் அவ்விடத்தில் விசை விழுகின்றது. பின்னால் கட்டை இல்லாத 6 மில்லிமீட்டர் பலகை அவ்விசையைத் தாங்காமல் அசையும். அதனுடன் இணைப்பும் அசைந்து தளரும்.

ஐந்தாவதாக, துவாரம். பால் வெட்டும் கைக்கு அளவின் அருமை தெரியும். பட்டையில் ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றே மிகுந்தால் மரத்திற்குக் காயம். பலகைத் துவாரமும் அவ்வாறே. ஒற்றைப் பிளக் பாயிண்டின் மேல்மூடி 86 மில்லிமீட்டர் சதுரமானது. சுவருக்குள் பதிக்கும் பெட்டி அதைவிடச் சிறியது. துவாரத்தைப் பெட்டியின் அளவுக்கு வெட்ட வேண்டுமேயன்றி மூடியின் அளவுக்கு வெட்டலாகாது. துவாரம் 75 மில்லிமீட்டராக இருந்தால், மூடி ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பலகையின்மீது படிந்து நிற்கும். அதற்குமேல் அகற்றினால் மூடியின் ஓரத்தில் இடுக்கு விழும். தரையிலிருந்து உயரத்தையும், கதவு நிலையிலிருந்து தூரத்தையும் அளந்து பலகையில் குறியுங்கள். அட்டையில் ஒரு மாதிரி வெட்டிப் பார்த்த பின் பலகையை வெட்டினால் நட்டமில்லை. பலகையின் பின்புறத்தில் குறிப்பவர்கள் இடம் வலமாக மாறிவிடும் என்பதை மறந்துவிடலாகாது. நான்கு மூலைகளிலும் துளையிட்டு, முனை கூர்ந்த சிறு ரம்பத்தால் அறுக்கலாம். பலகையைக் கீழே வைத்தே அறுக்க வேண்டும். சுவரில் நிறுத்தி வைத்துக் கம்பியின்மீது ரம்பத்தை ஓட்டலாகாது.

ஆறாவதாக, வயர்மேன் பெட்டியை முன்னே கொண்டுவருவார். பலகைச் சுவர்களில் பெரும்பாலும் பெட்டி சுவரின் மேலேயே இருக்கும். அதைக் கழற்றி, பலகையை அடித்த பின், பலகையின் முகத்தின்மேல், பின்னால் கட்டை உள்ள இடத்தில் பொருத்திவிடலாம். அவ்வாறு செய்யும்போது கம்பி வருமளவுக்குச் சிறு துளையே போதும்; மேற்கூறிய பெரிய துவாரம் வேண்டியதில்லை. கம்பி நுழையும் துளையில் ஒரு ரப்பர் வளையம் இட்டால், விளிம்பு கம்பியின் உறையை அறுக்காது. செங்கற் பகுதியில் பதித்த பெட்டியாயின், அதற்கு நீட்டுப்பெட்டி இணைக்கலாம். அல்லது கட்டையில் புதிய பெட்டி அமைக்கலாம். கம்பியின் நீளம் போதாதெனில் புதுக்கம்பி இழுக்க வேண்டும். இணைப்பு தவிர்க்க முடியாததாயின், அது திறந்து பார்க்கக்கூடிய ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். எர்த் கம்பியை விட்டுவிடாமல் இணைத்தாரா என்பதை நீங்களே கேளுங்கள். புதிய பொருள்களை வாங்கினால் எரிசக்தி ஆணையம், சிரிம் ஆகியவற்றின் முத்திரை உள்ளவற்றையே வாங்குங்கள்.

பலகை அடிக்கலாகாத இடங்கள்

மீட்டர், மெயின் சுவிட்சு, துண்டிப்பான் பெட்டி ஆகியவற்றைப் பலகையால் மூடலாகாது. இரவில் ஆபத்து நேர்ந்தால் கையை நீட்டியதும் அவை எட்ட வேண்டும். அடுப்புக்குப் பின்னும் ஒட்டுப்பலகை வேண்டாம். குளியலறைச் சுவரின் மறுபுறத்தில் ஈரம் ஊறுமாயின் அங்கும் வேண்டாம். முன்பே கூறியபடி, தேவையற்ற பிளக் பாயிண்டை மூட விரும்பினால், வயர்மேன் அதன் மின்சாரத்தை மூலத்திலேயே துண்டித்துவிட வேண்டும்.

வேலை முடிந்த பின்

மின்சாரத்தைப் போட்டதும் வயர்மேன் எர்த்தையும், கம்பிகள் மாறாமல் இருப்பதையும் சோதித்துக் காட்டட்டும். மின்கசிவுத் துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை இவ்வாறு அழுத்திப் பார்ப்பதை வீட்டு வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். பிளக்கைச் செருகினால் அது ஆடாமல் மூடியுடன் படிந்து நிற்க வேண்டும். இஸ்திரிப்பெட்டியைச் சிறிது நேரம் பயன்படுத்திய பின் அதை நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருத்தலாகாது.

சுமையையும் கணக்கிட வேண்டும். 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று, 230 வோல்ட்டில், ஏறத்தாழ 3,000 வாட் மட்டுமே தாங்கும். 2,000 வாட் கெண்டி, 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி, 700 வாட் சோற்றுப்பானை மூன்றையும் ஒரே இடத்தில் மாட்டினால் 3,700 வாட் ஆகிவிடும். பலகைக்கு நடுவே உள்ள பிளக் பாயிண்டுக்கு இச்சுமை ஏற்றதன்று.

மூடியின் ஓரத்தில் பழுப்புக் கறை, ‘சட சட’ என்னும் ஓசை, கருகிய மீன் போன்ற நாற்றம் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் அப்பிளக் பாயிண்டைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட்டு வயர்மேனை அழையுங்கள். புகை கண்டால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மின்சாரம் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அனைவரும் வெளியேறி 999க்கு அழையுங்கள். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைக் கையால் தொடாமல், முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

தோழர்களே! வரிசை வீடுகளில் வாழும் நமக்கு இதில் தனிப்பொறுப்பு ஒன்று இருக்கின்றது. நம் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். நம் கூரை அவர்களுக்கும் கூரை. நம் சுவருக்குள் தொடங்கும் தீ நம் வாசலோடு நின்றுவிடாது. நாம் அதிகாலையில் வெட்டுக்குச் சென்றிருக்கும் வேளையில் வீட்டில் உறங்கிக் கொண்டிருப்பவர்கள் முதியோரும் குழந்தைகளுமே. பக்கத்து வீட்டில் இருப்பவர் நம்மவராயினும், வேற்று நாட்டிலிருந்து வந்து உழைப்பவராயினும், அவர் உயிரும் அதே சுவரைச் சார்ந்தே இருக்கின்றது.

வயர்மேனுக்குக் கொடுக்கும் அரைநாள் கூலியும், பெட்டியை முன்னே கொண்டுவர ஆகும் சிறு செலவும் வீண் செலவாகா. இவ்வாண்டு உங்கள் வீட்டுக்குப் பலகை அடிப்பதாயின், ஆணியை எடுக்குமுன் அலுவலகத்துக்கும் வயர்மேனுக்கும் சொல்லி அனுப்புங்கள். அழகான சுவருக்குள் அச்சமின்றி உறங்குங்கள்.